கைக்குத் தெரிந்த தொழிலுக்குக் காகிதம் எதற்கு?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இந்த மேடையில் திருக்குறளைப் பற்றி அறிஞர்கள் பேசுவார்கள். கம்பனைப் பற்றிப் பேசுவார்கள். நாமும் கேட்டு இன்புறுவோம். இவ்வாண்டு நான் ஒயரிங் வேலையைப் பற்றியும், அந்த வேலைக்குரிய சர்க்கார் பரீட்சையைப் பற்றியும் பேச விரும்புகிறேன் என்று செயலாளர் அவர்களிடம் கூறியபோது, "கம்பனுக்குப் பதிலாகக் கம்பியா?" என்று சிரித்தார். கம்பனை எடுத்துச் சொல்ல நம்மிடையே புலவர்கள் பலர் இருக்கின்றனர். கம்பியை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை என்று விடை கூறினேன். அனுமதி கிடைத்தது. அதற்காக அவருக்கு என் நன்றி.

நான் மின்சார நிபுணன் அல்லன். மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். விதிப் புத்தகத்தைப் புரட்டுவதும், விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்புவதும் என் தொழில். கடந்த சில ஆண்டுகளாக நம் குடியிருப்பின் வாலிபர்கள் சிலர் ஒயர்மேன் பெர்மிட்டுக்கு விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் வருகிறார்கள். அவ்வாறு வந்தவர்களோடு உட்கார்ந்து படித்ததில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1910 ஆம் ஆண்டிலேயே மின்சாரச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் கீழ் 1956 ஆம் ஆண்டில் இந்திய மின்சார விதிகள் வெளியாயின. அவற்றுள் 45 ஆம் விதி முக்கியமானது. பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றைப் பழையபடியே மாற்றிப் போடுவதை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம். அதற்கு மேற்பட்ட எந்த ஒயரிங் வேலையையும், அதாவது புதிதாக இழுப்பதோ, கூட்டுவதோ, திருத்துவதோ எதுவாயினும், லைசென்ஸ் பெற்ற கண்டிராக்டர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற சூப்பர்வைசர் நேரில் நின்று மேற்பார்க்க வேண்டும். பெர்மிட் பெற்ற ஒயர்மேன் கைவேலையைச் செய்ய வேண்டும். இதுவே அந்த விதியின் சாரம். 1910 ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1956 ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் 2010 ஆம் ஆண்டிலும், பின்னர் 2023 ஆம் ஆண்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறினவேயன்றி, லைசென்ஸ், தகுதிச் சான்றிதழ், பெர்மிட் என்ற மூன்று படிகளும் மாறவில்லை.

இம்மூன்றையும் வழங்குவதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் லைசென்ஸிங் போர்டு முதலிய அதிகாரிகள் இருக்கின்றனர். பரீட்சை நடத்துவதும், வயது, அனுபவம், கட்டணம் ஆகியவற்றை நிர்ணயிப்பதும் மாநிலத்தின் பொறுப்பு. ஆகையால் ஊரிலிருக்கும் மைத்துனர் சொன்னதை நம்பி இங்கே விண்ணப்பம் போடக் கூடாது. தமிழ்நாட்டில் ஐந்தாண்டு அனுபவமுள்ளவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு என்று ஒன்று நடைபெறுகிறது. அது அந்த மாநிலத்தின் ஏற்பாடு. அங்கே பெற்ற சான்றிதழை இங்கே காட்டி உடனே வேலையைத் தொடங்கிவிட முடியாது. வேலை நடக்கும் மாநிலத்தின் சர்க்கார் அதை அங்கீகரிக்க வேண்டும். ஐ.டி.ஐ. யில் எலெக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் பிரிவில் தேறியவர்களுக்குப் பல மாநிலங்களில் பரீட்சையிலிருந்து விலக்கு உண்டு. அவ்வழி கிட்டாமல் பதினாறு வயதிலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்களுக்காகவே இந்தப் பரீட்சை இருக்கிறது. நம் குடியிருப்பில் அத்தகையவர்களே அதிகம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பதினைந்து ஆண்டுகள் வேலை செய்து பழகியவனுக்குப் பரீட்சை எதற்கு? கைக்குத் தெரிந்த தொழிலுக்குக் காகிதம் எதற்கு? இக்கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இது அலட்சியத்தால் கேட்கும் கேள்வி அன்று. உழைத்த மனிதனின் மனக்குறையிலிருந்து பிறந்த கேள்வி. ஆகவே மரியாதையோடு விடை சொல்ல வேண்டும்.

ரயில்வேயிலிருந்து ஓர் உதாரணம் கூறுகிறேன். 1925 ஆம் ஆண்டு பிப்ரவரி 3 ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நம் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1931 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை, எத்தனை ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருந்தாலும், தகுதிச் சான்று இல்லாதவன் கையில் வண்டியை ஒப்படைப்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருபது ஆண்டு அனுபவம் பெற்றவரும் புதிய நிலையத்துக்கு மாற்றலாகி வந்தால், அந்த நிலையத்தின் விதிகளைப் படித்து, அறிந்துகொண்டேன் என்று கையெழுத்திட்ட பிறகே பொறுப்பேற்கிறார். அவருடைய அறிவில் சந்தேகம் இருப்பதனால் அன்று. ஆயிரம் உயிர்கள் அவருடைய சொல்லை நம்பிப் பயணம் செய்கின்றன. அவர் அறிந்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது; மற்றவர்களும் உறுதியாக நம்பும்படி இருக்க வேண்டும்.

மின்சாரத்தின் இயல்பு இந்த உறுதியை இன்னும் அவசியமாக்குகிறது. மேசைக் கால் ஆடினால் கண்ணுக்குத் தெரிகிறது. குழாய் ஒழுகினால் தரை நனைகிறது. ஒயரிங்கில் உள்ள குறையோ சுவருக்குள் மறைந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பியூஸ் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பியூஸ் கம்பியைக் காக்குமே தவிர மனிதனைக் காக்காது. இதயத்தைத் தடுமாறச் செய்து உயிரைப் பறிப்பதற்கு ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 5 ஆம்பியர் பியூஸோ அதைப்போல் ஐம்பது மடங்கு மின்சாரம் பாய்ந்தாலும் அசையாமல் இருக்கும். இதனால்தான் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே தொடர்பைத் துண்டிக்கும் கருவியை வைக்கச் சொல்கிறார்கள். எர்த் கம்பியை ஒழுங்காக இழுத்துப் பூமியோடு சேர்க்கச் சொல்வதும் இதற்காகவே. எர்த் கம்பி இல்லாமலும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும், வெந்நீர் கொதிக்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே வீட்டுக்காரருக்குத் தோன்றும். குறையை அறிந்தவன் வேலை செய்தவன் ஒருவனே. கண்ணுக்குத் தெரியாத வேலையில் செய்தவனுடைய படிப்பும் மனச்சாட்சியுமே நமக்குக் காவல்.

இது ஊருக்கு நன்மை. தொழிலாளிக்கு என்ன நன்மை? நம் குடியிருப்பின் வாலிபர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பதினோரு ஆண்டுகளாக மாடிக் கட்டடங்களில் ஒயரிங் செய்து வருகிறார். புதிதாக வரும் பையன்களுக்கு வேலை கற்றுக் கொடுப்பவரும் அவரே. எனினும் கணக்குப் புத்தகத்தில் அவர் இன்றும் 'ஹெல்ப்பர்'. அவர் செய்து முடித்த வேலைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுகிறவர் வேறொருவர்; அக்கட்டடத்தின் படிகளில் ஒருநாளும் ஏறாதவர். ஒருநாள் பேனல் பெட்டியில் தீப்பொறி பறந்து இவருடைய வலது கை வெந்தது. இரண்டு மாதங்கள் வேலை இல்லை. அந்தக் கட்டடத்தில் அவர் வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வேலை அவருடையது, காயமும் அவருடையது. பெயர் மட்டும் மற்றவருடையது.

பெர்மிட் கையில் இருந்தால் தீப்பொறி பறக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெர்மிட் உள்ளவனின் பெயரைப் பதிவேட்டில் எழுதாமல் இருப்பது கடினம். அவனுடைய கூலியை ஹெல்ப்பர் கூலியாகக் கணக்கிடுவதும் கடினம். 'இந்த இடத்தில் எர்த் இல்லாமல் இணைப்புக் கொடுக்க மாட்டேன்' என்று சொல்லும் துணிவும் அவனுக்கு வரும். ஹெல்ப்பர் அதைச் சொன்னால் நாளை முதல் வர வேண்டாம் என்பார்கள். பெர்மிட் உள்ளவன் சொன்னால், பெர்மிட் பறிபோகுமே என்று காரணம் காட்டலாம். தவறான வேலையை மறுப்பதற்கு ஏழைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கேடயம் இது. மேலும் பெர்மிட் முதற்படி. அதன்மேல் சூப்பர்வைசர் சான்றிதழ் உண்டு. அதற்கும் மேல் கண்டிராக்டர் லைசென்ஸ் உண்டு. முதற்படியில் கால் வைக்காதவன் ஏணியைச் சுமப்பவனாகவே இருந்துவிடுவான்.

இனிப் பரீட்சைக்கு எவ்வாறு தயாராவது என்பதைச் சொல்கிறேன். எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று மூன்று வகையில் சோதிப்பதுண்டு. எந்த மாநிலத்தில் எவ்வளவு என்பதை அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் பொருள் பெரும்பாலும் ஒன்றே.

முதலாவது கணக்கு. இதற்கு அஞ்சுகிறவர்களே பலர். உண்மையில் நான்காம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் கீஸர் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஆகவே கீஸரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவது ஆபத்து. 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கேற்ற பருமனான தனிக் கம்பியும் வேண்டும். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் 750 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட். இத்தகைய கணக்குகளை வீட்டிலுள்ள சாமான்களைக் கொண்டே போட்டுப் பழகலாம். மனைவியும் மக்களும் கூடவே கற்றுக்கொள்வார்கள். மின்சாரக் கட்டணமும் குறையும்.

இரண்டாவது, ஒயரிங் ஒழுங்குகள். ஒரு விளக்குச் சுற்றில் பத்துப் பாயிண்டுக்கு மேலும், 800 வாட்டுக்கு மேலும் சேர்ப்பதில்லை. சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும். நியூட்ரலில் தனி சுவிட்சோ பியூஸோ போடக் கூடாது. ஏன் என்று கேட்பார்கள். நியூட்ரலைத் துண்டித்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் உயிர் மின்சாரம் நிற்கும். அணைந்துவிட்டதே என்று பல்பு மாற்றப் போகிறவன் கை வைப்பான். நிறங்களும் இவ்வாறே. பேஸ் மூன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்தது. கடையில் பச்சைக் கம்பி தீர்ந்துவிட்டது என்று சிவப்பை எர்த்துக்கு இழுத்தவன், தனக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகும் முகமறியாத தொழிலாளிக்குப் பொய் சொல்கிறான்.

மூன்றாவது, எர்த் போடுதல். குழாய் எர்த்தாயின் 38 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமும், இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளமும் கொண்ட ஜி.ஐ. குழாய் வேண்டும். தகடு எர்த்தாயின் 60 சென்டிமீட்டர் சதுரத் தகடு. செம்பானால் 3.15 மில்லிமீட்டர் கனம், ஜி.ஐ. ஆனால் 6.3 மில்லிமீட்டர். தகட்டின் மேல் விளிம்பு பூமிக்குக் கீழே ஒன்றரை மீட்டராவது இருக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது ஈரத்தைக் காத்து, மின்சாரம் மண்ணில் எளிதாக இறங்குவதற்காக. இந்த எண்களை மனப்பாடம் செய்வதோடு, ஏன் அத்தனை ஆழம் என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். மேல்மண் கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது.

நான்காவது, சோதனைகள். வேலை முடிந்ததும் மெகர் கொண்டு இன்சுலேஷனைப் பார்க்க வேண்டும். பாடப் புத்தகங்களில் நெடுங்காலமாக உள்ள கணக்கு எளியது: 50 ஐப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை மெகோம் வருகிறதோ அதற்குக் குறையக் கூடாது, ஆனால் ஒரு மெகோமுக்கு மேல் கேட்பதில்லை. 100 பாயிண்டுள்ள கட்டடத்துக்கு அரை மெகோம். 20 பாயிண்டுள்ள வீட்டுக்குக் கணக்கில் இரண்டரை வந்தாலும் ஒன்று போதும். இத்துடன் எர்த் தொடர்ச்சி, சுவிட்சு பேஸில் இருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றையும் கேட்பார்கள். செய்முறையில் மாடிப்படி விளக்குக்கு இரண்டு இடங்களில் சுவிட்சு வைப்பது, கம்பிகளை முறையாக இணைப்பது போன்றவை வரலாம். நம் வாலிபர்கள் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஆனால் படம் வரைந்து காட்டச் சொன்னால் பென்சில் நின்றுவிடுகிறது. ஆகவே தினமும் ஒரு படம் வரைந்து பழக வேண்டும்.

ஐந்தாவது, முதலுதவி. மின்சாரம் தாக்கி ஒருவன் ஒட்டிக்கொண்டிருக்கிறான்; முதலில் என்ன செய்வாய்? பதற்றத்தில் 'ஓடிப்போய்ப் பிடித்து இழுப்பேன்' என்று சொன்னால் தவறு. மெயின் சுவிட்சை அணைப்பதே முதல் வேலை. அது கிட்டாவிட்டால் உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த கட்டையால் அவனை விலக்க வேண்டும். பின் மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் செயற்கை சுவாசம் முதலிய சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கி, டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும். மின்சார நிலையங்களில் தொங்கும் முதலுதவி அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருப்பதோடு, அந்த ஜில்லாவின் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டு விதிகளே கூறின. உயிர் காக்கும் செய்தி அவரவர் மொழியில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் அன்றே உணர்ந்திருந்தது.

மொழி என்றதும் நம்மவரின் பெருந்தடை நினைவுக்கு வருகிறது. இங்கே பரீட்சை தமிழில் நடப்பதில்லை. நம் வாலிபர்களில் சிலர் தமிழ்ப் பள்ளியில் சில வகுப்புகள் படித்தவர்கள். சிலர் மராட்டிப் பள்ளியில் படித்துப் பாதியில் நின்றவர்கள். தொழிலில் புலி, கேள்வித்தாளைக் கண்டால் பூனை. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போட்டு, ஆங்கிலச் சொல், மராட்டிச் சொல், நம் தமிழ் விளக்கம் என்று எழுதிவந்தோம். எழுதத் தொடங்கிய பின்பே ஓர் உண்மை புலனாயிற்று. எர்த், நியூட்ரல், மெகர், லோடு, சர்க்யூட், ஜாயிண்ட் என்று பாதிச் சொற்கள் அவர்களுடைய நாவிலேயே இருக்கின்றன. எழுத்து வடிவில் அடையாளம் காண்பதுதான் பாக்கி. ஏறத்தாழ இருநூறு சொற்கள் தெரிந்தால் கேள்வித்தாளின் அச்சம் தீர்ந்துவிடுகிறது. பொருளை முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு விடையைத் தேர்வு மொழியில் எழுதப் பழகியவர்கள் விரைவில் முன்னேறுவதைக் கண்ணாரக் கண்டேன். தாய்மொழி இங்கே தடையாக இல்லை, வழிகாட்டியாக இருந்தது.

வாய்மொழிப் பரீட்சையில் வேறொரு சங்கடம். நாற்பத்தாறு வயது அன்பர் ஒருவர் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினார். முதல் முறை தவறியதற்குக் காரணம் கேட்டேன். "கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும் ஐயா; செய்து காட்டச் சொன்னால் செய்திருப்பேன்; சொல்லத்தான் வாய் வரவில்லை" என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் அவருடைய கை பேசியது. அவரை ஒருவரும் வாயைத் திறந்து பேசச் சொல்லவில்லை. மூன்றாம் முறைக்கு முன் அவருடைய மகள் ஒரு காரியம் செய்தாள். எட்டாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமி தினமும் இரவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தந்தையைக் கேள்வி கேட்டாள்; ஏன், ஏன் என்று விடாமல் கேட்டாள். விடை தனக்கு விளங்கும்வரை அடுத்த கேள்விக்குப் போக மாட்டாளாம். அவளுக்கு விளங்கச் சொன்னவருக்கு அதிகாரிக்கு விளங்கச் சொல்வது பெரிதாக இல்லை. இன்று அவர் பெர்மிட்டைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். பக்கத்தில் மகளின் பள்ளிப் பரிசுச் சான்றிதழ் தொங்குகிறது.

அடுத்தது அனுபவச் சான்று. பரீட்சைக்கு விண்ணப்பிப்பவர் இத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று லைசென்ஸ் பெற்ற கண்டிராக்டர் போன்றவர்கள் எழுதித் தர வேண்டும். சிலர் தருவதில்லை, தந்தால் ஆள் கைவிட்டுப் போவான் என்ற எண்ணம். கடைசி வாரத்தில் போய் நின்றால் ஒன்றும் நடவாது. வேலையில் சேர்ந்த நாள் முதலாக ஒரு தினக்குறிப்பு எழுதி வைக்க வேண்டும். தேதி, இடம், செய்த வேலை, எத்தனை பாயிண்டு, மேற்பார்த்தவர் யார் என்று இரண்டு வரி போதும். குமாஸ்தாவாகிய நான் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: தேதியிட்ட பழைய நோட்டுப் புத்தகத்துக்கு இருக்கும் வலிமை புதிதாக எழுதிய நீண்ட மனுவுக்கு இல்லை. பணம் கொடுத்துப் பொய்ச் சான்று வாங்கும் வழியைச் சிலர் காட்டுவார்கள். அதில் இறங்கக் கூடாது. அது வெளிப்பட்டால் பெர்மிட் போகும். அதனினும் பெரியதாகிய பெயரும் போகும். அவ்வாறே பெர்மிட் கிடைத்த பின் அதை மற்றவருக்கு வாடகைக்கு விடும் வழக்கமும் கேள்விப்படுகிறோம். பார்க்காத வேலைக்குக் கையெழுத்திடுவது, நாளை ஒரு வீட்டில் நேரக்கூடிய மரணத்துக்கு இன்றே கையெழுத்திடுவதாகும்.

படிப்புக்கு ஆறு மாதம் போதும். முதல் இரண்டு மாதங்கள் கணக்குக்கும் சொற்களுக்கும். அடுத்த இரண்டு மாதங்கள் விதிகளுக்கும் படங்களுக்கும். கடைசி இரண்டு மாதங்கள் வாய்மொழிக்கும் செய்முறைக்கும். தினமும் ஒரு மணி நேரம். வேலை முடித்துக் களைத்து வருகிறவனிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமன்று. தனியாகப் படிப்பதைவிட மூவராகவும் நால்வராகவும் கூடிப் படிப்பது நல்லது; ஒருவனுக்குச் சோர்வு வந்தால் மற்றவன் தூக்கி நிறுத்துவான்.

தாய்மார்களுக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒயரிங் வேலை நடந்தால், "பெர்மிட் இருக்கிறதா தம்பி?" என்று அன்போடு கேளுங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. நாம் கேட்காததனால்தான் படித்துத் தேறியவனுக்கும் தேறாதவனுக்கும் வேற்றுமை இல்லாமல் போகிறது. எர்த் கம்பிக்கு ஆகும் செலவைக் குறைக்கச் சொல்லாதீர்கள். மிக்ஸி, வாஷிங் மெஷின், கீஸர் ஆகியவற்றின் மூன்று கால் பிளக்கில் பெரிய காலை உடைத்து இரண்டு கால் சாக்கெட்டில் செருகாதீர்கள். உடைத்து எறியும் அந்தக் காலே உங்கள் உயிர்க்காவல்.

இறுதியாக, சற்றே கசப்பான ஒரு செய்தி. நம் குடியிருப்பில் ஆபீஸ் உத்தியோகத்துக்கு இருக்கும் மதிப்புக் கைத்தொழிலுக்கு இல்லை. என் போன்ற குமாஸ்தாவின் மகன் ஏணி ஏறி ஒயரிங் செய்தால் அக்கம்பக்கத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். கலியாணப் பேச்சில், 'பையன் பில்டிங் லைனில் இருக்கிறான்' என்று மழுப்புகிறார்கள். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதித் தவறியவனைப் பார்த்து, 'பாவம், அடுத்த முறை கிடைக்கும்' என்கிறோம். ஒயர்மேன் பரீட்சையில் தேறியவனை ஒரு வார்த்தை பாராட்டினோமா? இந்தச் சங்கம் ஆண்டுதோறும் பள்ளித் தேர்வில் சிறந்த மாணவர்களுக்குப் பரிசளிக்கிறது. மிக நல்ல காரியம். அதே மேடையில், அதே மாலையோடு, பெர்மிட்டும் சூப்பர்வைசர் சான்றிதழும் பெற்றவர்களையும் அழைத்துக் கௌரவிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவை வேண்டிக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். நம் நூல்நிலைய அறை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை காலியாக இருக்கிறது. அதை இந்தப் படிப்புக்குத் தர வேண்டும். ஒரு கரும்பலகை, பழகுவதற்கு ஒரு ஒயரிங் பலகை, நான்கைந்து புத்தகங்கள் ஆகியவையே செலவு. மின்சாரப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, தம் அனுபவத்தை இளைஞர்களுக்குச் சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பம் நிரப்புவதும், அறிவிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்வதும் என் பொறுப்பு. மராட்டி நண்பர்கள் வந்தாலும் வரவேற்போம். அவர்கள் நமக்கு மொழி சொல்லித் தருவார்கள். நாம் கணக்குச் சொல்லித் தருவோம்.

கைக்குத் தெரிந்த தொழிலுக்குக் காகிதம் எதற்கு என்று கேட்ட அன்பர்களுக்கு என் விடை இதுவே. அந்தக் காகிதம் உங்கள் கைக்கு வேலை கற்பிக்க வந்ததன்று. உங்கள் கை செய்த வேலையில் உங்கள் பெயரை எழுத வந்தது. இம்மாநகரின் எத்தனையோ மாடிகளில் நம் வாலிபர்கள் இழுத்த கம்பிகளில் விளக்குகள் எரிகின்றன. இனி அந்த வேலைக்குரிய ஏட்டில் அவர்களுடைய பெயரும் இருக்கட்டும்.